கால்சியத்தைப் பிடிக்கும் கடற்பாசிச் சர்க்கரை

பழுப்புக் கடற்பாசிகளின் செல்சுவரில் இருக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிக்கு ஆல்ஜினேட் என்று பெயர். பிரிட்டன் வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு இதைப் பிரித்தெடுத்து 1881இல் காப்புரிமை பெற்றார். மன்னார் வளைகுடாக் கரையோரத்தில் கட்டக்கோரை, பக்கோடா பாசி எனப்படும் இனங்கள் ஆல்ஜினேட்டுக்கு மூலப்பொருள்.

சோடியம் ஆல்ஜினேட் நீரில் கொழகொழவென்று கரையும். அந்தக் கரைசலைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிட்டால், விழுந்த கணமே ஒவ்வொரு சொட்டும் உருண்டைக் கூழாக இறுகும். சூடாக்கவும் வேண்டாம், குளிரவைக்கவும் வேண்டாம்.

காரணம் சங்கிலியின் வடிவத்தில் இருக்கிறது. ஆல்ஜினேட் இரண்டு சர்க்கரை அமிலங்களால் ஆனது: மனுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம். ஐந்தாவது கார்பனில் உள்ள தொகுதிகள் எப்பக்கம் திரும்பியிருக்கின்றன என்பது மட்டுமே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. பாசி முதலில் மனுரோனிக் சங்கிலியை மட்டும் கட்டுகிறது. பிறகு ஒரு நொதி, சங்கிலியில் இருக்கும்போதே சில அலகுகளைக் குலுரோனிக்காகத் திருப்பிவிடுகிறது. மனுரோனிக் பகுதி தட்டையான நாடாவாக நீள்கிறது. குலுரோனிக் பகுதியோ மடிந்து மடிந்து செல்வதால் அதில் வரிசையாகக் குழிகள் உண்டாகின்றன.

இரு அமிலங்களிலும் உள்ள கார்பாக்சில் தொகுதி நீரில் எதிர்மின்னேற்றம் பெறுகிறது. குலுரோனிக் பகுதிகள் இரண்டு எதிரெதிரே வரும்போது, இரு பக்கக் குழிகளுக்கும் நடுவே கால்சியம் அயனி அமர்கிறது. இரு சங்கிலிகளின் ஆக்சிஜன் அணுக்களும் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. 1973இல் முன்வைக்கப்பட்ட இந்த விளக்கத்துக்கு முட்டைப்பெட்டி மாதிரி என்று பெயர்: அட்டைக் குழிகளில் முட்டைகள் இருப்பதுபோல் அயனிகள் வரிசையாக அமர்கின்றன. ஓர் அயனி அமர்ந்தால் அடுத்தது அமர்வது எளிது. ஆகவே தனித்தனியே சிதறிய குலுரோனிக் அலகுகளால் பயனில்லை, தொடர்ச்சியான வரிசை வேண்டும்.

மின்னேற்றம் மட்டும் போதாது என்பதற்கு மக்னீசியமே சான்று. அதற்கும் இரட்டை நேர்மின்னேற்றம்தான். கடல்நீரில் கால்சியத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு மக்னீசிய அயனிகள் உள்ளன. ஆனாலும் மக்னீசியம் ஆல்ஜினேட்டை இறுகவைப்பதில்லை. அதன் அயனி சிறியது. தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளையும் எளிதில் விடாது. கால்சியத்தைவிடப் பெரிய ஸ்ட்ரான்சியமும் பேரியமும் இன்னும் உறுதியாகப் பிணைகின்றன. ஈயம், தாமிரம், காட்மியம் ஆகியவை இவற்றையும் மிஞ்சும். கழிவுநீரில் உள்ள நச்சு உலோகங்களை உலர்ந்த பாசியால் பிடிக்க ஆய்வுகள் நடப்பது இதனால்தான். பிடித்த உலோகத்தை அமிலத்தால் கழுவி மீட்கலாம்; ஹைட்ரஜன் அயனிகள் கார்பாக்சில் தொகுதியில் திரும்ப ஏறும்போது உலோகம் விடுபடுகிறது.

பிணைப்பு மாறக்கூடியது என்பதையே மருத்துவம் பயன்படுத்திக்கொள்கிறது. கால்சியம் ஆல்ஜினேட் இழையால் ஆன கட்டுத்துணியைப் புண்ணில் வைத்தால், கசியும் நீரிலுள்ள சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. இழை ஈரக் கூழாகிப் புண்ணின் ஈரம் வற்றிவிடாமல் காக்கிறது. பல் மருத்துவரின் அச்சுப்பசை இறுகுவதும் இதே கால்சியப் பிணைப்பால்தான். அவசரமாக இறுகிவிடாதபடி அதில் பாஸ்பேட் சேர்க்கப்படுகிறது.

கூழின் தன்மை, பாசி எது, அதன் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்தது. குலுரோனிக் மிகுந்தது உறுதியாகவும் எளிதில் நொறுங்கும்படியும் இறுகும். மனுரோனிக் மிகுந்தது மென்மையாக வளையும். ஆல்ஜினேட் வாங்குவோர் அதன் பாகுத்தன்மையோடு இந்த இரு அமிலங்களின் விகிதத்தையும் கேட்டறிவது அவசியம்.