ஊன்றுகோலும் வீடும்

நடப்பதைப் போல எளிய செயல் வேறில்லை என்றே நாம் எண்ணி வாழ்கிறோம். ஒரு கால் பழுதுற்ற பின்னரே, ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரம் முழுவதையும் ஒற்றைக் கால் ஒரு கணம் தாங்குகிறது என்னும் உண்மை நமக்குப் புலனாகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, அன்னவாசலில் எங்கள் பழைய ஓட்டு வீட்டுக்குள் பல வாரங்கள் அக்குள் ஊன்றுகோல்களோடு நடமாடியவன் நான். அப்போது கற்றவற்றுள் மாணவர்களுக்குப் பயன்படுவன சிலவற்றைக் கூறுகிறேன்.

அக்குள் ஊன்றுகோல் என்ற பெயரே நம்மை ஏமாற்றக்கூடியது. அது பாரத்தைத் தாங்க வேண்டிய இடம் அக்குள் அன்று, உள்ளங்கை. அக்குளின் வழியாகவே கைக்குரிய நரம்புகள் செல்கின்றன. கட்டையின் மேல் அக்குளை ஊன்றித் தொங்கினால் அந்நரம்புகள் நசுங்கும், விரல்கள் மரத்துப்போகும், மணிக்கட்டைத் தூக்க இயலாமற்போவதும் உண்டு. காலைக் காக்கப் போய்க் கையை இழக்கலாமா? ஆதலின் கோலின் மேல்முனை அக்குளுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே நிற்க வேண்டும். கைப்பிடி மணிக்கட்டின் உயரத்தில் இருந்தால், முழங்கை சற்றே மடிந்து பாரத்தை எளிதில் ஏற்கும்.

எலும்பு உயிருள்ள பொருள். அது தான் சுமக்கும் பாரத்துக்கேற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வொல்ப் 1892இல் விளக்கினார். ஆகவே காலுக்குப் பாரமே இல்லாமல் நெடுநாள் இருப்பதும் தீது. காலத்துக்கு முன்னே முழுப் பாரத்தையும் ஏற்றுவதும் தீது. எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். அவர் பத்துக் கிலோ என்றால் அதை எப்படி அறிவது? எடை பார்க்கும் கருவியின் மேல் அந்தக் காலை வைத்து, முள் பத்தைக் காட்டும் வரை மெல்ல அழுத்திப் பார்த்தால் கால் அந்த அளவைப் பழகிக்கொள்ளும்.

பின்னர் ஒற்றைக் கைத்தடிக்கு மாறும்போது, அதை நோயுற்ற காலின் பக்கமே பிடிக்கத் தோன்றும். எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிப்பதே முறை. அப்போது அடிபட்ட காலும் தடியும் ஒன்றாக முன்செல்லும். பாரத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்ட்டர் பிளௌண்ட் 1956இல், கைத்தடியை எறிந்துவிடாதீர்கள் என்னும் பொருள்பட ஒரு கட்டுரையே எழுதினார்.

இனி வீட்டைப் பார்ப்போம். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக்குச் செல்வோர் பாறையில் நிதானித்து அடி வைப்பர். வீட்டு வாசற்படியும் அதே நிதானத்தைக் கேட்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் அடிபட்ட காலும் முதலில். முற்றத்து ஈரம், சுருண்ட பாய், கால்மிதி, தரையில் கிடக்கும் மின்கம்பி ஆகியவை கோலுக்குப் பகைவர். கோலின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். தரையில் அமர்வதை விட்டு உயரமான நாற்காலியில் அமர்தல் நலம். இரு கைகளும் கோலைப் பற்றியிருப்பதால், தண்ணீர்ப் புட்டிக்கும் கைப்பேசிக்கும் தோள்பை ஒன்று தேவை.

இவற்றினும் பெரிய தடை ஒன்று உண்டு, அது வெட்கம். ஊரார் பார்ப்பார்களே என்று கோலை மூலையில் சார்த்திவிட்டு நொண்டி நடந்து, மீண்டும் விழுந்தவர்கள் உண்டு. வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த கார் விபத்தில் இரு கால்களும் செயலற்றுப் போனவர். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே முன்னின்றார். நாற்காலி அவருடைய குறையைக் காட்டும் அடையாளமாக இருக்கவில்லை. பணிக்குத் திரும்பும் வழியாக இருந்தது.

உங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் ஊன்றுகோலுடன் வந்தால், திடீரென அவன் தோளைப் பிடித்து இழுக்காதீர்கள். அவன் நிலை தடுமாறக்கூடும். வழியில் கிடக்கும் பைகளை அகற்றுங்கள். அவன் புத்தகங்களை வாங்கிக்கொள்ளுங்கள். அவன் நடைக்கேற்ப உங்கள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவன் கேட்கும் உதவி பெரும்பாலும் அவ்வளவே.