மன்னார் மணலும் செயற்கைப் பல்வேரும்

மன்னார்த் தீவின் மணலில் இல்மனைட் தேடி அவுஸ்திரேலிய நிறுவனமொன்று கடந்த பத்தாண்டுக் காலத்தில் துளையிட்டு ஆய்வு நடத்தியதை நாம் அறிவோம். அக்கனிமத்தில் அடங்கியுள்ள டைட்டேனியமே, பல்லிழந்தோரின் தாடையெலும்பில் செயற்கை வேராகப் பொருத்தப்படும் உலோகமாகும். சுவீடனின் பிரானமார்க் 1965 இல் முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு இதனைப் பொருத்தினார்.

எலும்பு இதனுடன் ஒட்டி வளர்வது ஒரு காரணம். மற்றையது இதன் விறைப்புக் குறைவு. விறைப்பைக் காட்டும் யங்கின் மட்டு, துருப்பிடிக்காத உருக்குக்கு ஏறத்தாழ 200 கிகாபஸ்கால். டைட்டேனியத்துக்கு 110 அளவே. எலும்புக்கோ 20 ஐ ஒட்டியது. விறைப்பு மிகுந்த உலோகம் மெல்லும் சுமையைத் தானே தாங்கிக்கொள்ள, வேலையற்ற எலும்பு நலிந்துவிடும். தூய டைட்டேனியத்துடன் 6 வீதம் அலுமினியமும் 4 வீதம் வனேடியமும் சேர்த்தால் இழுவலிமை 900 மெகாபஸ்கால் அளவை எட்டும். வனேடியம் உடலில் கசியுமோ என்ற ஐயத்தால் நயோபியம், சேர்க்கோனியம் கலந்த கலப்புலோகங்களும் வந்துள்ளன.

ஆனால், உலகில் தோண்டப்படும் டைட்டேனியக் கனிமத்தின் பெரும்பகுதி செல்வது பல்வைத்தியரிடமல்ல, வெள்ளை வர்ணப்பூச்சுக்கே. புல்மோட்டை இல்மனைட்டும் பல தசாப்தங்களாக மூலப்பொருளாகவே கப்பலேறியது. கடல்மட்டத்துக்குச் சற்றே மேலுள்ள மன்னார்த் தீவில் கிணற்று நன்னீர் தங்கியிருப்பதும் இதே மணலில்தான். அம்மணலைக் கேட்போர் யாராயினும், உலோகம் எங்கே பிரிக்கப்படும், தோண்டிய இடத்தில் உவர்நீர் ஏறினால் பொறுப்பேற்பவர் யார் என்பவற்றை எழுத்தில் தருமாறு பேசாலையும் எருக்கலம்பிட்டியும் ஒருசேரக் கேட்க வேண்டும்.