கோல் வாசலில் நின்றவர் சொன்ன சொல்

ஹாக்கி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் எழுவது புல்தரை மைதானமும், 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை ஒரு கோலும் போடவிடாமல் தடுத்து நின்ற சங்கர் லட்சுமணனும் ஆவர். இளைஞர்களைக் கேட்டாலோ, 2021-இல் அதே டோக்கியோவில் ஜெர்மனியின் கடைசி முயற்சியைத் தடுத்து இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கத்தைக் காத்துத் தந்த ஸ்ரீஜேஷின் பெயரைச் சொல்வார்கள். கனடா நாட்டில் ஹாக்கி என்று சொன்னால் அது வேறு ஆட்டம். பனிக்கட்டித் தரைமேல் சறுக்குக் காலணி அணிந்து, பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டை அடித்து ஆடுவது அது. மூன்றங்குல விட்டமுள்ள அந்த வட்டு மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்திலும் பாய்வதுண்டு. அது நுழையாமல் காக்கவேண்டிய கோல் வாசல் ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உடையது.

தரை வேறு, பந்து வேறு ஆயினும், அந்த வாசலில் தனியாக நிற்பவரின் நிலை எங்கும் ஒன்றே. முன்னணி ஆட்டக்காரர் ஒன்பது முறை தவறிப் பத்தாம் முறை கோல் போட்டால் அவர் வீரர். கோல் காப்பாளர் முப்பது முறை தடுத்து ஒரு முறை தவறினால் அவர் குற்றவாளி. ஆகவே தன்னம்பிக்கை என்பது அவருக்கு அணிகலன் அன்று. நெஞ்சுக் கவசத்தையும் முகமூடியையும் போல இன்றியமையாத கருவியாகும்.

அந்தத் தன்னம்பிக்கையை அவர் வாய்விட்டுச் சொல்லலாமா? எதிரணிக் காப்பாளரோடு தம்மை ஒப்பிட்டுப் பேசலாமா? 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வட அமெரிக்க ஹாக்கி ரசிகர்களை இரு கட்சிகளாகப் பிரித்த வினா இது. அந்த வழக்கைச் சற்றே விசாரித்துப் பார்ப்பது, பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அனுப்பிவிட்டு வாசலில் காத்திருக்கும் நம்போன்றோருக்கும் பயனுள்ளதே.

இரு காப்பாளர்கள்

அவ்வாண்டு ஸ்டான்லி கோப்பைக்கான இறுதித் தொடரில் கனடாவின் வான்கூவர் அணியும் அமெரிக்காவின் பாஸ்டன் அணியும் மோதின. ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்பவர்க்கே கோப்பை. வான்கூவர் 1970-இல் இந்த லீகில் சேர்ந்தது முதல் ஒரு முறையும் கோப்பையைக் கண்டதில்லை. பாஸ்டனோ 1972-க்குப் பின் அதை வென்றதில்லை. இரு நகரங்களுக்கும் பசி மிகுந்திருந்தது.

வான்கூவர் அணியின் காப்பாளர் ராபர்ட்டோ லுவாங்கோ. 1979-இல் மான்ட்ரியல் நகரில் பிறந்தவர்; இத்தாலியிலிருந்து குடியேறிய தந்தையின் மகன். 1997-இல் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுத்தபோது நான்காம் இடத்திலேயே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோல் காப்பாளர் ஒருவருக்கு அத்துணை உயர்ந்த இடம் கிட்டுவது அரிது. 2010-இல் வான்கூவரிலேயே நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்தில் கனடாவின் கோலைக் காத்துத் தங்கம் பெற்றவரும் அவரே.

பாஸ்டனின் காப்பாளர் டிம் தாமஸ் நேர்மாறான வழியில் வந்தவர். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தில் எளிய குடும்பத்தில் 1974-இல் பிறந்தார். 1994-ஆம் ஆண்டுத் தேர்வில் அவருக்குக் கிடைத்தது 217-ஆம் இடம். பின்லாந்து, சுவீடன் என்று அயல்நாட்டு லீகுகளில் பல ஆண்டுகள் அலைந்து, முப்பது வயது கடந்த பிறகே பாஸ்டன் அணியில் நிலையான இடத்தைப் பிடித்தார். 2010 ஒலிம்பிக்கில் லுவாங்கோ தங்கம் பெற்ற அந்த இறுதியாட்டத்தில், எதிரே அமெரிக்க அணியின் மாற்றுக் காப்பாளராக அமர்ந்திருந்தவர் தாமஸ்.

சொல் பிறந்த இடம்

ஜூன் 10 அன்று வான்கூவரில் ஐந்தாம் ஆட்டம். வான்கூவர் ஒரே ஒரு கோல் போட்டு 1-0 என்று வென்றது. தொடரில் 3-2 என முன்னணி; கோப்பைக்கு இன்னும் ஒரு வெற்றியே தேவை. லுவாங்கோ தம்மை நோக்கி வந்த 31 அடிகளையும் தடுத்திருந்தார். வென்ற கோல் பிறந்த விதம் விசித்திரமானது. பியெக்ஸா என்பவர் அடித்த வட்டு கோலுக்கு விலகிச் சென்று, பின்புறத்துப் பலகையில் மோதித் திரும்பி மறுபக்கம் வந்தது. அங்கே காத்திருந்த லாபியேர் அதைக் கோலுக்குள் தள்ளிவிட்டார். அடிப்பவரை எதிர்கொள்ள முன்னேறி நின்றிருந்த தாமஸால் உரிய நேரத்தில் திரும்பிவர இயலவில்லை.

ஆட்டம் முடிந்தவுடன் நிருபர்கள் சூழ்ந்துகொண்டு வினவுவது அங்கே வழக்கம். அந்தக் கோலைப் பற்றி லுவாங்கோவிடம் கேட்டார்கள். கோலுக்கு அருகிலேயே நின்று ஆடுபவருக்கு அதைத் தடுப்பது கடினமன்று, தமக்கு அது எளிது, தாமஸைப் போல முன்னேறித் திரிந்தால் இப்படி நேரத்தான் செய்யும் என்ற கருத்துப்பட அவர் விடையளித்தார். உடனே தொடர்ந்து, தம்மால் தடுக்க இயலாத சில அடிகளைத் தாமஸ் தடுக்கக்கூடும் என்றும் சொன்னார். இந்தப் பிற்பகுதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் சொன்னதன் உட்பொருளை ஓர் எளிய சோதனையால் அறியலாம். இருண்ட அறையில் விளக்கொன்றை ஏற்றிவைத்து, விளக்குக்கும் சுவருக்கும் இடையே நில்லுங்கள். விளக்கை நெருங்க நெருங்க உங்கள் நிழல் பெருகிச் சுவர் முழுவதையும் மறைக்கும். சுவரோரம் ஒதுங்கினால் நிழல் உடலளவுக்குச் சுருங்கிவிடும். விளக்கே வட்டை அடிப்பவர், சுவரே கோல். முன்னேறி நிற்கும் தாமஸ் அதிக இடத்தை மறைக்கிறார். ஆனால் ஒருவர் விளக்கைத் திடீரென்று பக்கவாட்டில் நகர்த்தினால் என்னவாகும்? சுவரோரம் நிற்பவர் ஓரடி நகர்ந்தால் போதும். விளக்கருகே நிற்பவரோ விளக்கோடு கூடவே ஓடவேண்டும். இரண்டு முறைகளுக்கும் ஆதாயமும் உண்டு, நட்டமும் உண்டு. லுவாங்கோ சொன்னது, முழுமையாகப் பார்த்தால், இந்தத் தொழில் உண்மையையே.

ஆனால் ஊர் முழுதும் பரவியது முழு வாக்கியம் அன்று. ‘எனக்கு எளிது’ என்ற துண்டு மட்டுமே பரவியது.

மறுநாள் லுவாங்கோ விளக்கம் தர முற்பட்டு, விஷயத்தை மேலும் சிக்கலாக்கிக்கொண்டார். தொடர் தொடங்கியது முதல் தாம் தாமஸைப் புகழ்ந்தே வந்ததாகவும், அவரிடமிருந்து தம்மைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் வரவில்லை என்றும் குறைப்பட்டார். பிறரைப் புகழ்வதை அந்நாட்டு ஹாக்கி வழக்கில் ‘சக்கரத்துக்குக் காற்றடிப்பது’ என்பார்கள். அவரும் அத்தொடரையே பயன்படுத்தினார். தாமஸின் மறுமொழி சுருக்கமாக வந்தது: அவருடைய சக்கரத்துக்குக் காற்றடிப்பது தம் வேலை என்று தமக்குத் தெரியாமற்போயிற்று என்றார் அவர்.

பிறகு நடந்தது

ஜூன் 13-இல் பாஸ்டனில் ஆறாம் ஆட்டம். ஒன்பது நிமிடம் முடிவதற்குள் மூன்று கோல்கள் நுழைந்தன. லுவாங்கோ வெளியே அழைக்கப்பட்டு மாற்றுக் காப்பாளர் இறக்கப்பட்டார். பாஸ்டன் 5-2 என்று வென்றது. ஜூன் 15-இல் வான்கூவரில் நடந்த இறுதியாட்டத்தில் தாமஸ் 37 அடிகளைத் தடுத்தார், ஒன்றையும் விடவில்லை. 4-0 என்ற கணக்கில் கோப்பை பாஸ்டனுக்குச் சென்றது. கோப்பைச் சுற்றுகளின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய கான் ஸ்மைத் விருதும் 37 வயதுத் தாமஸுக்கே கிடைத்தது. அன்றிரவு வான்கூவர் வீதிகளில் வாகனங்கள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன.

ரசிகர்களின் வாதம் அன்று மூண்டது. இன்றும் முற்றிலும் அவிந்தபாடில்லை. ஒரு சாரார் சொல்வது: வெற்றியின் வாசற்படியில் நிற்பவன் நாவை அடக்கவேண்டும், உறங்கிய புலியை இடறிவிட்டு, புலி பாய்ந்துவிட்டதே என்று புலம்புவதில் பயனில்லை. மறு சாரார் சொல்வது: தம்மால் இயலும் என்று எண்ணாதவன் அந்த வாசலில் நிற்கவே முடியாது, கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னவனை அகந்தை கொண்டவன் என்பது அநியாயம்.

இரு சாராரும் கணக்கைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து வான்கூவர் போட்ட கோல்கள் எட்டே. பாஸ்டன் போட்டவை 23. தோற்ற நான்கு ஆட்டங்களில் வான்கூவர் போட்டவை முறையே 1, 0, 2, 0. நான்கு ஆட்டங்களில் மூன்று கோல்! அவற்றுள் இரண்டில், காப்பாளர் ஒரு கோலும் விடாமல் நின்றிருந்தாலும் அணியால் வென்றிருக்க முடியாது. மேலும், 8-1, 4-0 என்ற இரு பெருந்தோல்விகள் அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே நேர்ந்தவை. தாமஸ் புலியாகியது லுவாங்கோ இடறியதால் அன்று. அவர் தொடர் முழுவதும் புலியாகவே இருந்தார். ஒரு சொல்லால் கோப்பை பறிபோயிற்று என்பது கதைக்கு அழகாக இருக்கலாம், கணக்குக்கு ஒவ்வாது.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1996-இல் கொலராடோ அணியின் காப்பாளர் பாட்ரிக் ராய், தம்மை ஏளனம் செய்த சிகாகோ அணியின் ஜெரமி ரோனிக்கைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, தாம் வென்ற இரண்டு ஸ்டான்லி கோப்பை மோதிரங்கள் காதை அடைத்துக்கொண்டிருப்பதால் ரோனிக் சொல்வது கேட்கவில்லை என்றார். லுவாங்கோ சொன்னதைவிட இது பன்மடங்கு செருக்கான சொல். ஆனால் கொலராடோ சிகாகோவை வென்றது. அவ்வாண்டுக் கோப்பையையும் வென்றது. ராயின் சொல் இன்றும் நகைச்சுவையாகப் போற்றப்படுகிறது. வென்றவன் சொன்னால் சாதுரியம், தோற்றவன் சொன்னால் திமிர். ஆட்டத்தின் முடிவைக் கொண்டு சொல்லின் தன்மையைத் தீர்மானிப்பது உலக வழக்கமாகிவிட்டது.

நம் கருத்து

அப்படியானால் லுவாங்கோவிடம் பிழையே இல்லையா? உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் ரசிகர்கள் பிழை கண்ட இடத்தில் அது இல்லை. ‘எனக்கு எளிது’ என்ற முதற் சொல் தன்னம்பிக்கையின் சொல். மறுநாள் சொன்ன ‘நான் புகழ்ந்தேன், அவர் புகழவில்லை’ என்பதுதான் தன்னம்பிக்கை தளர்ந்ததன் அடையாளம். நம் ஊர்த் திருமணங்களில் மொய் எழுதும் நோட்டுப் புத்தகத்தை நேயர்கள் அறிவார்கள். யார் எவ்வளவு வைத்தார்கள், நாம் திரும்ப எவ்வளவு வைக்கவேண்டும் என்பதற்கு அந்தக் கணக்கு உதவும். ஆனால் பாராட்டை மொய்யாக எழுதிவைத்து, திரும்பி வரவில்லையே என்று ஏங்குபவரின் பலம் தம் கையில் இல்லை. எதிராளியின் வாயில் இருக்கிறது. தாமஸின் ஒருவரி மறுமொழி அத்தனை கூர்மையாகத் தைத்ததற்கும் அதுவே காரணம்.

நம் வீடுகளிலும் இது நடப்பதே. ‘அந்தக் கணக்கு எனக்குச் சுலபம்’ என்று பிள்ளை சொன்னால் உடனே ‘அடக்கம் வேண்டும்’ என்று அதட்டுகிறோம். ‘பக்கத்து வீட்டுப் பையனை மட்டும் ஆசிரியர் பாராட்டினார்’ என்று அவன் முகம் வாடும்போது, அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறோம். உண்மையில் நாம் அருகே அமர்ந்து பேசவேண்டிய வேளை இரண்டாவதே அன்றோ?

லுவாங்கோ இந்தப் பாடத்தைக் கற்றார் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சான்று. தம் சறுக்கல்களைத் தாமே எள்ளி நகையாடும் குறிப்புகளை டிவிட்டரில் எழுதி, முன்பு பழித்தவர்களையும் சிரிக்க வைத்தார். 2014-இல் வான்கூவரை விட்டு ஃபிளாரிடா அணிக்குத் திரும்பினார். 2019-இல் 489 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். 2022-இல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். ஆட்டக்காரராக அவர் கைக்கு எட்டாத ஸ்டான்லி கோப்பையை, அவர் நிர்வாகத்தில் பணியாற்றிய ஃபிளாரிடா அணி 2024-லும் 2025-லும் வென்றது.

அவர் சிறப்பாகத் தடுக்கும்போதெல்லாம் வான்கூவர் ரசிகர்கள் அவர் பெயரின் முதலெழுத்தை ‘லூ...’ என்று நீட்டி முழங்குவது வழக்கம். புதிதாகக் கேட்பவருக்கு அது இகழ்ச்சிக் கூச்சல் போலவே ஒலிக்கும். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் வான்கூவர் அணி அவரைத் தன் கௌரவ வரிசையில் சேர்த்து விழா எடுத்தது. தம் வீட்டு வாசலிலேயே கோப்பையை இழந்த அந்த நகரத்தார், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே அரங்கில் அவரை வரவேற்றார்கள். அப்போதும் எழுந்தது அந்த ‘லூ...’ என்னும் ஒலியே.