முதற்பால் இல்லாத சொதி

கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்றார் மருத்துவர். மரக்கறி மட்டுமே சமைக்கும் வீட்டில் கொழுப்பு எங்கே என்று அம்மா கேட்டார். தேங்காயில்தான். 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு, பெரும்பகுதி நிறைவுற்றது. பிழியும்போது முதற்பாலோடுதான் அது அதிகம் இறங்குகிறது.

இப்போது அம்மாவின் சொதிக்கு இரண்டாம் பால் மட்டும். முதற்பால் மற்றவர்களின் கறிக்கு. தடிப்புக்கு அவித்து மசித்த மைசூர்ப் பருப்பு, இறக்கியபின் தேசிப்புளி. கத்தரிக்காய் பொரித்தால் எண்ணெயை உறிஞ்சிக் குடிக்கும். சுட்டுத்தான் குழம்பில் போடுகிறோம். ஆவியில் அவியும் இடியப்பத்தில் கைவைக்கவில்லை. பிட்டில் தேங்காய்ப்பூ பாதியானது.

சமையலைவிடக் கடினம் வேறு. 1990களின் பொருளாதாரத் தடையிலும் 1995 இடப்பெயர்விலும் இல்லாமல் குறைத்துச் சாப்பிட்டவர் அவர். "இருக்கேக்கையும் ஏன் குறைக்கோணும்?" என்கிறார். நான் வாதாடவில்லை, தேங்காய் திருவும் வேலையை எடுத்துக்கொண்டேன்.