வெள்ளை அங்கியும் பூண்டுச் சாறும்

சீர்திருத்தத்தின் கதை – 17

1549-ல் ஜெர்மனியின் மக்டபர்க் நகரத்தில் ஒரு வெள்ளி நாணயம் அடித்தார்கள். கடைக்குக் கொண்டுபோய் மாற்றுவதற்காக அல்ல, கையில் வைத்துப் பார்த்து வயிறெரிவதற்காக. அதில் கிறிஸ்துவுக்கு எதிரே மூன்று தலைப் பூதம் ஒன்று நிற்கிறது. ஒரு தலை போப்புடையது, இன்னொன்று துருக்கியனுடையது, மூன்றாவது தேவதூதன் முகம். சாத்தானே, இடைக்காலமே, மூட்டை கட்டு என்ற பொருளில் சுற்றிலும் எழுத்து.

‘இடைக்காலம்’ என்பது ஓர் அரசாணையின் பெயர்.

மார்ட்டின் லூத்தர் 1546 பிப்ரவரி 18 அன்று, தான் பிறந்த ஐஸ்லேபன் ஊரிலேயே கண்ணை மூடினார். பதினான்கு மாதம்தான் ஆகியிருக்கும். 1547 ஏப்ரல் 24-ல் ம்யூல்பர்க் போர்க்களத்தில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் லூத்தரன் இளவரசர்களின் படையை முறியடித்தார். லூத்தரின் ஊரான விட்டன்பர்க்கை ஆண்ட சாக்சனி இளவரசர் யோஹான் ஃப்ரீட்ரிஷ் கைதியானார். அவருடைய பட்டமும் பெரும்பகுதி நிலமும் பங்காளி மோரிட்ஸ் கைக்குப் போயின. மோரிட்ஸும் லூத்தரன்தான், ஆனால் போரில் பேரரசர் பக்கம் நின்றவர். ‘மைசன் யூதாஸ்’ என்று சொந்த மதத்தாரே அவருக்குப் பெயர் வைத்தார்கள். பங்காளிச் சண்டையில் வைக்கிற பெயருக்குப் பஞ்சமா?

அடுத்த ஆண்டு ஆக்ஸ்பர்கில் கூடிய மன்றத்தில் பேரரசர் அந்த ‘இடைக்கால’ ஆணையைப் பிறப்பித்தார். பொதுச்சங்கம் கூடி முடிவு சொல்லும்வரை எல்லோரும் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும். குருமார் திருமணம் செய்துகொள்ளலாம், திருவிருந்தில் சபையாருக்குப் பாத்திரமும் கொடுக்கலாம். லூத்தரன்களுக்குக் கிடைத்த சலுகை அவ்வளவுதான். ஏற்க மறுத்த தென் ஜெர்மன் போதகர்கள் நூற்றுக்கணக்கில் பெண்டு பிள்ளைகளோடு ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள்.

மோரிட்ஸுக்கு இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. ஆணையை அமல்படுத்தினால் குடிமக்கள் கொதிப்பார்கள். படுத்தாவிட்டால் பேரரசரின் ஸ்பானியப் படை வாசலுக்கு வரும். அவர் விட்டன்பர்க் ஆசிரியர்களைக் கூப்பிட்டார். அவர்களில் முதல்வர் பிலிப் மெலங்க்தோன்: லூத்தரின் வலக்கை, கிரேக்கப் பண்டிதர், ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை எழுதியவர். பேசிப் பேசி 1548 டிசம்பரில் லைப்சிக்கில் ஒரு நடுவழி தயாரானது. உபதேசத்தின் உயிர்நிலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வெள்ளை அங்கி, மெழுகுவத்தி, மீனும் மரக்கறியும் மட்டும் தின்கிற உபவாச நாள் போன்ற வெளி வழக்கங்களில் விட்டுக்கொடுக்கலாம். வேதம் கட்டளையிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. செய்தாலும் பாவமில்லை, விட்டாலும் பாவமில்லை. இறையியலார் இவற்றுக்கு வைத்திருந்த கிரேக்கப் பெயர் ‘அடியாஃபொரா’. விசுவாசத்தால் ‘மட்டுமே’ மனிதன் நீதிமான் ஆகிறான் என்ற லூத்தரின் வாக்கியத்தில் அந்த ‘மட்டுமே’ லைப்சிக்கில் எங்கோ நழுவிப்போனது, வேறு விஷயம்.

மெலங்க்தோனைக் கோழை என்று எழுதிவைப்பது எளிது. ஆனால் அங்கி விஷயத்தில் அவர் புதிதாக எதையும் சொல்லவில்லை. பிராண்டன்பர்க் இளவரசர் அங்கியும் ஊர்வலமும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார், என்ன செய்யட்டும் என்று 1539-ல் ஒரு பெர்லின் போதகர் லூத்தரிடமே கேட்டிருக்கிறார். சுவிசேஷத்தைப் பிரசங்கிக்க விடுகிறார் அல்லவா, ஓர் அங்கி போதாதென்றால் மூன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கிண்டலாகப் பதில் எழுதினார் லூத்தர். குரு சொன்னதைத்தானே சீடர் செய்தார்?

இல்லை என்று சொல்ல ஒருவர் வந்தார்.

மத்தியாஸ் ஃப்ளாசியஸுக்கு அப்போது வயது 28. ஜெர்மானியர் அல்ல, இன்றைய குரோஷியாவில் உள்ள லபின் என்ற சிற்றூரில் பிறந்தவர். ‘இலிரிக்கஸ்’ என்று பேரோடு ஊர்ப்பக்கத்தையும் சேர்த்துக்கொண்டவர். துறவியாகப் போகவிருந்த பையனை, நீ ஜெர்மனிக்குப் போ என்று திருப்பிவிட்டவர் பால்டோ லுப்பெட்டினோ என்ற பிரான்சிஸ்கன் துறவி, தாய்வழி உறவினர். அந்த லுப்பெட்டினோ லூத்தரன் கொள்கைக்காக வெனிஸ் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 1556-ல் கடலில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். விட்டுக்கொடுத்தல் என்ற சொல் ஃப்ளாசியஸ் காதில் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. விட்டன்பர்க் வந்த புதிதில் ஃப்ளாசியஸ் மனச்சோர்வால் தவித்தார், தேற்றியவர் லூத்தர். எபிரேய ஆசிரியர் வேலைக்குக் கைகொடுத்தவர் மெலங்க்தோன்.

அந்த மெலங்க்தோனை எதிர்த்துத்தான் 1549-ல் அவர் வேலையை உதறிவிட்டு மக்டபர்குக்குப் போனார். பேரரசரின் ஆணையை ஏற்காமல் முறைத்துக்கொண்டு நின்ற நகரம் அது. அச்சகங்களுக்கு ஓய்வில்லை, துண்டுப் பிரசுரங்கள் வெளியே பறந்தன. சொந்தப் பெயரிலும் புனைபெயரிலும் ஃப்ளாசியஸ் எழுதித் தள்ளினார். லைப்சிக் ஏற்பாட்டைத் தம் குறிப்புகளோடு அச்சிட்டு ஊரறியச் செய்தவரும் அவர்தான். எதிரி வைத்த பெயரே நிலைத்தது: ‘லைப்சிக் இடைக்காலம்’.

அவருடைய வாதம் சுருக்கமானது. அங்கி வெறும் துணி, சரி. யார் போடச் சொல்கிறார்கள், எதற்காக? துன்புறுத்துகிறவன் கட்டளையிட்டு, அவனுக்குப் பயந்து போட்டுக்கொள்கிற நாளில் அது துணியாக இருப்பதில்லை. விசுவாசத்தை அறிக்கையிட வேண்டிய வேளையில் ‘அடியாஃபொரா’ என்று ஒன்றுமே கிடையாது. குடியானவன் லைப்சிக் ஆவணத்தை வாசிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறான், போதகர் மீது பழைய அங்கியைப் பார்க்கிறான், சரி, போப்பு திரும்பி வந்துவிட்டார் என்று வீட்டுக்குப் போகிறான். லூத்தர் மூன்று அங்கி போடச் சொன்னது சுவிசேஷத்துக்கு இடம் கொடுத்த இளவரசர் கேட்டபோது. இப்போது கேட்கிறவர் சிறைச்சாவி வைத்திருக்கும் பேரரசர். குரு சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டவர் மெலங்க்தோன், சொன்ன சூழலைப் பிடித்துக்கொண்டவர் ஃப்ளாசியஸ் என்று எனக்குத் தோன்றுகிறது.

மக்டபர்க்கை 1550 அக்டோபரில் முற்றுகையிட வந்தவர் வேறு யாருமல்ல, மோரிட்ஸ். ஓராண்டுக்கு மேல் நகரம் தாக்குப்பிடித்தது. பிறகு அந்த யூதாஸே குட்டிக்கரணம் போட்டு, 1552-ல் பேரரசர் மீதே படையெடுத்தார். சார்லஸ் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து தப்பி ஓட வேண்டியிருந்தது. 1555-ல் ஆக்ஸ்பர்க் சமாதானம். லூத்தரன்களுக்குச் சட்ட உரிமை கிடைத்தது. லைப்சிக் ஏற்பாடு காலாவதியாகிவிட்டது. அடுத்த ஆண்டு மெலங்க்தோன் அந்த விஷயத்தில் தாம் தவறியதை ஃப்ளாசியஸுக்கு எழுதிய கடிதத்திலேயே ஒப்புக்கொண்டார்.

சண்டை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

லூத்தர் இருந்தவரை சந்தேகம் வந்தால் போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தார். இப்போது எல்லோர் கையிலும் அவருடைய புத்தகங்கள், ஆளுக்கொரு பக்கம். இரட்சிப்புக்கு நற்கிரியைகள் அவசியம் என்றார் விட்டன்பர்கின் கேயார்க் மாயோர். லூத்தரின் பழைய நண்பர் ஆம்ஸ்டார்ஃபுக்குக் கோபம் தலைக்கேறி, நற்கிரியைகள் இரட்சிப்புக்குக் கேடு என்றே 1559-ல் ஒரு பிரசுரம் போட்டார். அவற்றின்மேல் நம்பிக்கை வைப்பதுதான் கேடு என்பது அவர் சொல்லவந்தது. ஆனால் தலைப்பை மட்டும் வாசிக்கிறவர்கள் எந்த நூற்றாண்டிலும் உண்டு.

1560 ஏப்ரலில் மெலங்க்தோன் மரணப்படுக்கையில் கிடந்தார். சாவுக்கு ஏன் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கான காரணங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினார். பாவத்திலிருந்து விடுதலை, கூடவே, இறையியலாரின் வெறியிலிருந்தும் விடுதலை. 19-ஆம் தேதி அந்த விடுதலை வந்தது.

நான்கு மாதம் கழித்து வைமார் அரண்மனையில் ஃப்ளாசியஸ் மறுபடி வாதத்துக்கு நின்றார். எதிரே, அப்போது அவர் வேலை பார்த்த யேனா பல்கலைக்கழகத்தின் சக பேராசிரியர் விக்டோரின் ஸ்ட்ரீகல். முந்தைய ஆண்டு ஃப்ளாசியஸ் தரப்பின் மறுப்பு நூலை ஏற்கவில்லை என்பதற்காக, இதே ஸ்ட்ரீகலை இரவோடு இரவாகச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இப்போது நாட்டு இளவரசர் முன்னிலையில் நியாயம் பேச அழைப்பு.

கேள்வி இது: பாவத்தில் விழுந்த மனிதனின் சித்தம் கடவுள் அருளோடு ஒத்துழைக்குமா? ஸ்ட்ரீகல் தரப்பு உவமை சமையலறையிலிருந்து வந்தது. காந்தக்கல் மீது பூண்டுச் சாற்றைத் தடவினால் அது இரும்பை இழுக்காது என்பது அக்கால நம்பிக்கை. (உண்மையில் இழுக்கும், வீட்டில் சோதித்துப் பார்க்கலாம்.) சாற்றைத் துடைத்தால் சக்தி திரும்பும். ஜென்மபாவமும் அப்படித்தான், சித்தம் தடைபட்டிருக்கிறது, செத்துப்போகவில்லை.

ஃப்ளாசியஸுக்கு இது லூத்தரையே கழுவேற்றுவதாகப் பட்டது. ஸ்ட்ரீகல் தர்க்கம் தெரிந்தவர், கண்ணி வைத்தார். ஜென்மபாவம் மனிதனின் சாரமா, அல்லது சாரத்தின்மேல் ஏறிய பண்பா? நம் சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்தைப் பற்றிப் பேசும்போது செம்பையும் களிம்பையும் சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்தக் கேள்வி. களிம்பு செம்போடு கூடவே இருக்கிறது, ஆனால் களிம்பு செம்பு அல்ல. பண்பு என்றால் பூண்டுச் சாறு ஜெயித்துவிடும் என்று ஃப்ளாசியஸ் பயந்தார். சாரமே என்றார். விழுந்த மனிதன் பாவத்தால் கறைபட்டவன் அல்ல, பாவமே அவன் இயல்பு. கடவுளின் சாயல் போய்ச் சாத்தானின் சாயல் வந்துவிட்டது.

சபையில் இருந்த நண்பர்களுக்கே தூக்கிவாரிப் போட்டது. மனிதனின் சாரமே பாவம் என்றால் அவனைப் படைத்தவர் யார்? கடவுள் என்றால் பாவத்துக்கு அவரே கர்த்தா; சாத்தான் என்றால் சாத்தானும் ஒரு படைப்புக் கடவுள். மனிதனாகப் பிறந்த கிறிஸ்துவின் கதி என்ன? அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கெஞ்சினார்கள். அங்கி விஷயத்தில் ஒரு நூல்கூட இறங்காத அதே மனிதர் இங்கேயும் இறங்கவில்லை. மக்டபர்கில் அவரைப் பெரிய மனிதர் ஆக்கிய பிடிவாதம்தான் வைமாரில் அவரைக் கவிழ்த்தது. இரண்டையும் பிரித்து ஒன்றைப் புகழ்ந்து ஒன்றை ஏச முடியாது.

1561 டிசம்பரில் வேலை போனது. பிறகு ரேகன்ஸ்பர்க், ஆன்ட்வெர்ப், ஸ்ட்ராஸ்பர்க் என்று குடும்பத்தோடு ஊர் ஊராக அலைச்சல். அலைச்சலுக்கு நடுவே அவர் செய்த வேலை மலைக்க வைக்கிறது. வேதத்தை வாசிக்கும் முறைக்கு 1567-ல் ‘திறவுகோல்’ என்று ஒரு பெருநூல். அதற்கும் முன்பே, திருச்சபை வரலாற்றை நூற்றாண்டு நூற்றாண்டாகப் பிரித்து எழுதும் மக்டபர்க் குழுவை உருவாக்கியவர் அவர். 13 தொகுதிகள் வெளிவந்தன. அதற்காக ஐரோப்பிய மடங்களின் நூலகங்களைத் துழாவினார். பிடித்த ஏட்டைக் கத்தியால் அறுத்து எடுத்துவிடுவார் என்று எதிரிகள் வதந்தி பரப்ப, ‘ஃப்ளாசியஸ் கத்தி’ என்று ஒரு சொல்லே புழங்கியது. அவர் சேர்த்த சுவடிகள் இன்று வோல்ஃபன்பியூட்டல் நூலகத்தின் செல்வம்.

கடைசியில் பிராங்க்பர்ட்டில் பழைய கன்னியர் மடமொன்றில், மடத்தலைவி கத்தரீனா ஃபோன் மேர்ஃபெல்ட் இடம் கொடுத்தார். 1575 மே மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லி நகர மன்றம் கெடு வைத்தது. மார்ச் 11-ல் ஃப்ளாசியஸ் இறந்துபோனார்.

இரண்டே ஆண்டில் சமரசம் வந்தது. 1577-ல் மக்டபர்கை ஒட்டியிருந்த பெர்கன் மடத்தில் ஆறு இறையியலாளர்கள் உட்கார்ந்து ‘இணக்க உடன்பாடு’ என்ற ஆவணத்தை முடித்தார்கள். ஆக்ஸ்பர்க் அறிக்கையின் ஐம்பதாம் ஆண்டு நாளான 1580 ஜூன் 25-ல், அது மற்ற விசுவாச அறிக்கைகளோடு சேர்ந்து ‘இணக்க நூல்’ ஆக வெளிவந்தது. சுமார் 8,000 போதகர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். இணக்கம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. டென்மார்க் அரசர் இரண்டாம் ஃப்ரெடரிக், சாக்சனியிலிருந்து வந்த அழகிய பிரதிகளைக் கணப்பு நெருப்பில் போட்டார். மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தது அந்த டென்மார்க் அரச வம்சத்தின் ஆதரவில்தான்.

அந்த உடன்பாட்டின் முதல் பிரிவைப் புரட்டினால், ஜென்மபாவம் மனிதனின் சாரம் என்ற கொள்கை தள்ளப்பட்டிருக்கிறது. அதே பிரிவில் பூண்டுச் சாறு தடவிய காந்தக்கல்லும் பெயர் சொல்லித் தள்ளப்பட்டிருக்கிறது. பத்தாவது பிரிவுக்குப் போனால், துன்புறுத்தல் காலத்தில் எதிரியின் வற்புறுத்தலுக்காக வெளி வழக்கங்களிலும் இணங்கக் கூடாது என்கிறது. அது அப்படியே ஃப்ளாசியஸ். முதல் பிரிவில் குற்றவாளியாகவும் பத்தாவதில் ஆசிரியராகவும் இருக்கிற மனிதரின் பெயர் இரண்டிலும் இல்லை.

பத்தாவது பிரிவு அங்கியோடு நிற்கவில்லை. 1933-ல் யூத வம்சத்தவரைத் திருச்சபைப் பணியிலிருந்து நீக்கும் சட்டத்தை எதிர்த்தபோது, இது அறிக்கையிட வேண்டிய வேளை என்ற அந்த வாதத்தைத்தான் ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் கையில் எடுத்தார். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் உறுப்பினராக உள்ள லுத்தரன் உலக சம்மேளனம், 1977-ல் தாருஸ்ஸலாமில் கூடி, தென்னாப்பிரிக்க நிறவெறியும் அப்படிப்பட்ட வேளையே என்று அறிவித்தது. 1984-ல் புடாபெஸ்ட் பேரவை, நிறவெறியைக் கைவிடாத இரண்டு வெள்ளையர் திருச்சபைகளின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது.

(அடுத்த வாரம்: மாமனார் மெலங்க்தோன் சொத்தாக விட்டுப்போன கொள்கைக்காகப் பன்னிரண்டு ஆண்டு சிறையில் கிடந்த மருத்துவர் காஸ்பர் பாய்சர்.)