இரவுப் பாதைக்கு ஏற்ற விளக்கு எது?
மலிவான எல்.ஈ.டி. ரோச்லைற்றுகள் பற்றிய ஒரு சோதனை

கமக்காரனுக்கு மண்வெட்டி எவ்வளவு அவசியமோ, இரவில் படலையைத் திறந்து வெளியே இறங்குபவருக்கு ரோச்லைற்றும் அவ்வளவு அவசியம். வாய்க்காலில் தண்ணீர் முறை நடுச்சாமத்தில் வந்தால் வயலுக்குப் போகத்தான் வேண்டும். சேனையில் காவற்பரணில் இருப்பவருக்கும், விடியுமுன் கரைக்குப் போகும் மீனவருக்கும், வளவின் கோடியிலுள்ள மலசலகூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லும் தாய்க்கும் வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சம் பாதி வழியில் அணைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

இலங்கை முழுவதையும் உள்ளடக்கி நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வொன்று, நாட்டில் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் எனவும், அவர்களில் 400 இற்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் எனவும் மதிப்பிட்டது. வரம்பில் சுருண்டு கிடக்கும் புடையனை மிதிக்குமுன் காண்பதற்கு நல்ல வெளிச்சம் உதவும். ஆகவே எந்த ரோச்லைற்றை வாங்குவது என்ற கேள்வி சின்னக் கேள்வி அல்ல.

மண்ணெண்ணெயிலிருந்து எல்.ஈ.டி. வரை

எமது மக்களுக்கு வெளிச்சத்தின் அருமை நன்கு தெரியும். 1990 களில் வடக்கில் மின்சாரமும் இல்லை, ரோச் பற்றரியும் இல்லை. பற்றரி அன்று தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் வைத்து எரித்த சிக்கன விளக்கில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினர். 2022 இல் நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டை அனுபவித்தது. அதே வருடம் ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. குப்பி விளக்கை நம்பியிருந்த பல வீடுகள் எல்.ஈ.டி. விளக்கைத் தேடியதில் வியப்பில்லை.

எல்.ஈ.டி. என்பதைப் பாடசாலைப் புத்தகங்கள் 'ஒளிகாலும் இருவாயி' என்று கூறும். பழைய ரோச் குமிழில் மெல்லிய உலோக இழை ஒன்று சூடேறிச் சிவந்து ஒளிர்கிறது. அதற்குச் செல்லும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. எல்.ஈ.டி. யில் இழை இல்லை. விழுந்தால் அறுந்துபோக ஒன்றும் இல்லை. நீல ஒளி தரும் சிறு சில்லு ஒன்றின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு பூசப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. பிரகாசமான நீல எல்.ஈ.டி. 1990 களின் தொடக்கத்தில் யப்பானில் உருவானது. அதற்காக அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு நல்ல எல்.ஈ.டி., அதே அளவு மின்சக்தியில் பழைய ரோச் குமிழைப்போலப் பல மடங்கு வெளிச்சம் தருகிறது.

ஆனால் எல்.ஈ.டி. நல்லதாக இருந்துவிட்டால் மட்டும் ரோச்லைற் நல்லதாகிவிடாது. பழுதாவது பெரும்பாலும் சுவிச், பற்றரி, கம்பி இணைப்பு, மூடி ஆகியவையே.

நாம் பார்த்த ஐந்து வகைகள்

சந்தையிலும் கிராமத்துக் கடைகளிலும் சாதாரணமாகக் கிடைக்கும் ஐந்து வகைகளை எடுத்துக் கமக்காரர், மாதர் சங்க அங்கத்தவர் ஆகியோரிடம் பாவனைக்குக் கொடுத்தோம். வியாபாரப் பெயர்களை இங்கு குறிப்பிடவில்லை. ஒரே தொழிற்சாலைப் பொருள் பல பெயர்களில் வருகிறது. ஒரே பெயரில் வரும் பொருளும் அடுத்த வருடம் வேறாகிவிடுகிறது. வகையை அறிந்துகொள்வதே பயன் தரும்.

1. பழைய இரண்டு பற்றரித் தகர ரோச், எல்.ஈ.டி. குமிழ் மாற்றியது. வீட்டில் கிடக்கும் ரோச்சுக்கு 3 வோல்ற்று எல்.ஈ.டி. குமிழ் ஒன்றை வாங்கிப் பூட்டினால் போதும். பற்றரியை மாறிப் போட்டால் சில குமிழ்கள் எரியாது, கவனிக்க வேண்டும். வெளிச்சம் நடுத்தரம், ஆனால் நீண்ட நேரம் நிற்கிறது. திருத்துவது சுலபம். ஒரே குறை, பாவிக்காமல் வைத்தால் பற்றரி கசிந்து தகரத்தை அரித்துவிடும்.

2. சுவரில் செருகி மின்னேற்றும் பிளாஸ்ரிக் ரோச். உள்ளே 4 வோல்ற்று ஈய அமிலப் பற்றரி இருக்கும். விலை குறைவு, பார்வைக்குப் பெரிது. எமது பாவனையாளர்களிடமிருந்து அதிகம் முறைப்பாடு வந்தது இதற்கே. வெறுமையாக்கி ஓரிரு மாதம் மூலையில் வைத்தால் பற்றரி பிறகு ஏற்றம் பிடிக்காது. ஈயத் தகடுகளில் பொருக்குப் படிந்துவிடுவதே காரணம். இன்னும் ஒரு ஆபத்து உண்டு. மலிவானவற்றில் 230 வோல்ற்று மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் பாதுகாப்பு உள்ளே இருப்பதில்லை. சுவரில் செருகியிருக்கும்போது இதனை எரிக்கவோ, ஈரக்கையால் தொடவோ, பிள்ளைகளிடம் கொடுக்கவோ கூடாது.

3. அலுமினிய உடல் கொண்ட, இலிதியம் பற்றரி போடும் ரோச். பற்றரியில் 18650 என்று எழுதியிருக்கும். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதே அதன் பொருள். ஐந்திலும் பிரகாசமானது இதுவே. தலையை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் மாதிரியும் உண்டு, நிலையான தலை கொண்ட மாதிரியும் உண்டு. இழுக்கும் தலை ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளிழுக்கிறது. மழையில் காற்றோடு தண்ணீரும் போகும். மாரிக்கு நிலையான தலையே நல்லது.

4. நெற்றியில் கட்டும் விளக்கு. இரு கைகளும் வேலைக்கு விடுபடுகின்றன. பால் கறப்பவர், வலை தெரிவு செய்பவர், தண்ணீர் கட்டுபவர் எல்லோரும் இதனை விரும்பினர். பட்டியின் இழுவை போய்விட்டால் சைக்கிள் ரியூப் றப்பரை வெட்டிக் கட்டலாம்.

5. சூரிய ஒளியில் ஏற்றும் சிறிய ரோச். எண்ணம் நல்லது. ஆனால் உடலில் ஒட்டியுள்ள தீப்பெட்டி அளவுத் தகடு நாள் முழுவதும் வெயிலில் கிடந்தாலும் சிறிதளவே ஏற்றுகிறது. கடும் வெயிலில் பற்றரியும் சேர்ந்து சூடாகி ஆயுள் குறைகிறது. தகடு தனியாகவும் விளக்கு நிழலிலும் இருக்குமாறு கம்பியுடன் வருவதே வாங்கத் தக்கது.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

வெளிச்சத்தின் மொத்த அளவை 'லூமன்' என்று கூறுவர். பெட்டிகளில் 10,000 லூமன் என்று எழுதியிருப்பதைக் கண்டோம். ஒரு கணக்குப் பார்ப்போம். நல்ல எல்.ஈ.டி. ஒரு வாற்றுக்கு 150 லூமன் தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 10,000 லூமனுக்கு 65 வாற்றுக்கு மேல் வேண்டும். ஒரு நல்ல 18650 பற்றரியில் மொத்தமாக ஏறத்தாழ 9 வாற்று மணி சக்தியே உண்டு. எனவே எட்டு நிமிடத்தில் பற்றரி தீர்ந்துவிடும், அதற்குள் கையும் வெந்துவிடும்! கையடக்கமான மலிவு ரோச் உண்மையில் தருவது சில நூறு லூமன் மட்டுமே. வரம்பில் நடக்க 50 முதல் 100 லூமன் தாராளமாகப் போதும்.

பற்றரியிலும் இதே கதை. தரமான 18650 பற்றரிகள் பெரும்பாலும் 2,000 முதல் 3,500 மில்லி அம்பியர் மணி வரை கொள்ளும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். நிறையைக் கொண்டும் அறியலாம். நல்ல பற்றரி ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். மிகவும் பாரம் குறைந்ததாயின் உள்ளே சரக்கு இல்லை என்று பொருள். நகைக்கடைத் தராசு போதும்.

ஒழுங்கான உற்பத்தியாளர் 2009 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட எப்.எல். 1 என்னும் நியமத்தைப் பின்பற்றுவர். அதில் 'தூரம்' என்பது, முழுநிலவு வெளிச்சமளவு ஒளி சென்று விழும் தூரமாகும். 'நேரம்' என்பது, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒன்றாகக் குறையும் வரையுள்ள நேரமாகும். ஆகவே எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தாலும் எட்டு மணி நேரமும் ஒரே பிரகாசம் என்று எண்ணக் கூடாது. தண்ணீருக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

சனசமூக நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ பத்துப்பேர் சேர்ந்து வாங்குவதானால், முதலில் ஒன்றை மட்டும் வாங்கி இவற்றைச் செய்து பாருங்கள்.

சுவிச்: கடையிலேயே இருபது தடவை போட்டு நிறுத்துங்கள். எரியவிட்டுக் கையில் தட்டுங்கள். ஒருமுறையேனும் கண் சிமிட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

தண்ணீர்: பற்றரியைக் கழற்றி, அதனிடத்தில் உலர்ந்த மெல்லிய கடதாசியைச் சுருட்டி வைத்து மூடுங்கள். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். கடதாசி நனையாவிட்டால் மாரிக்கு அஞ்சத் தேவையில்லை. மூடியின் றப்பர் வளையத்துக்குச் சிறிது சிலிக்கன் கிறீஸ் பூசினால் இன்னும் நல்லது.

விழுதல்: இடுப்பு உயரத்திலிருந்து, அதாவது ஒரு மீற்றரிலிருந்து, சீமெந்துத் தரையில் வெவ்வேறு பக்கமாக விழவிடுங்கள். பின்னரும் எரிய வேண்டும்.

சூடு: முழுப் பிரகாசத்தில் பத்து நிமிடம் எரியவிட்டு உடலைத் தொட்டுப் பாருங்கள். அலுமினிய உடல் இளஞ்சூடாக இருப்பது நல்ல அறிகுறி. எல்.ஈ.டி. யின் சூடு வெளியே வருகிறது என்பதே அதன் பொருள். மிகப் பிரகாசமான விளக்கின் உடல் குளிர்ந்தே இருந்தால், சூடு உள்ளே தங்கி எல்.ஈ.டி. யை மெல்ல மெல்லக் கெடுக்கும்.

நேரம்: முழுதாக ஏற்றிய விளக்கை இருட்டறையில் சுவரை நோக்கி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை வெளிச்சத்தைக் குறித்து வாருங்கள். பத்திரிகை எழுத்தை வாசிக்க முடியாத நேரமே உண்மையான முடிவு நேரம்.

தூரம்: கைத்தொலைபேசியில் வெளிச்சம் அளக்கும் வசதி உள்ளவர்கள் ஐந்து மீற்றர் தூரத்தில் ஒளியின் நடுவே அதனைப் பிடித்து அளக்கலாம். கிடைக்கும் எண்ணை 25 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் நியமப்படி தூரம் மீற்றரில் கிடைக்கும். எண் 100 ஆனால், 2,500 இன் வர்க்கமூலம் 50, தூரம் 100 மீற்றர். தொலைபேசியின் அளவு மிகத் திருத்தமானதல்ல. இரண்டு விளக்குகளை ஒப்பிட அது போதும்.

செலவைக் கணக்கிடுவோம்

கடையில் கொடுக்கும் விலை முழுச் செலவு அல்ல. மாதம் ஒரு சோடிப் பற்றரி போடும் வீட்டில் வருடத்துக்கு 24 பற்றரி செலவாகிறது. ஆறு மாதத்தில் எறியப்படும் பிளாஸ்ரிக் ரோச்சை வருடத்துக்கு இரண்டு தடவை வாங்க வேண்டும். நல்ல இலிதியம் பற்றரியோ 300 முதல் 500 தடவை வரை ஏற்றப்படக்கூடியது. வாங்கும் விலையோடு ஒரு வருடப் பற்றரிச் செலவையும் கூட்டி, பன்னிரண்டால் பிரித்துப் பாருங்கள். பல வேளைகளில் முதலில் விலை கூடியதாகத் தெரிந்ததே மலிவாக வரும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். இலிதியம் பற்றரியின் மேலுறை கிழிந்தால் அதனைப் பாவிக்காதீர்கள். படுக்கைக்கு அருகில், ஆளில்லாத வேளையில் மின்னேற்ற வேண்டாம். விளையாட்டு ரோச்சுகளிலுள்ள பொத்தான் பற்றரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தொண்டைக் குழாய் வெந்துவிடக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். பழுதான ஈயப் பற்றரியை உடைக்கவோ எரிக்கவோ கிணற்றடியில் எறியவோ கூடாது. ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு.

யாருக்கு எது?

வரம்பில் நடப்பவருக்குக் காலடியில் அகலமாக விரியும் ஒளி வேண்டும். நெற்றி விளக்கு அல்லது நிலையான தலை கொண்ட அலுமினிய ரோச் பொருந்தும். மஞ்சள் சாயலுள்ள ஒளி கிடைத்தால் அதனைத் தெரிவு செய்யுங்கள். நீலம் கலந்த வெள்ளை ஒளியில் காய்ந்த சருகுக்கும் பாம்பின் நிறத்துக்கும் வேறுபாடு தெரிவது கடினம். மழைத்தூறலிலும் அது கண்ணைக் கூசச் செய்யும். யானைக் காவலில் இருப்பவருக்குத் தூரம் பாயும் ஒளி வேண்டும். அவருக்குக் குறைந்தது 100 மீற்றர் தூரமும் மாற்றுப் பற்றரி ஒன்றும் தேவை. வீட்டுப் பாவனைக்கும் முதியோருக்கும் எல்.ஈ.டி. குமிழ் போட்ட பழைய தகர ரோச்சே போதும். ஒரே சுவிச், எளிதில் பிடிபடும்.

எந்த விளக்கானாலும் வெளிச்சம் மட்டும் காவல் அல்ல. இரவில் வயலுக்குப் போகும்போது முழங்கால் வரையுள்ள சப்பாத்தை அணியுங்கள். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போட்டும் கீறியும் நேரத்தைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். இரவில் வெளியே இறங்க வேண்டியவர் ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு விளக்கு இருக்கட்டும். பகலில் ஏற்றி, கதவருகில் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். இருட்டில் தேடாமல் கையில் அகப்படாத விளக்கு எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை.