ரூம் தேடும் குட்டி!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறுன்னு ரூம் தேடி செருப்பு தேஞ்ச ஆளா நீங்க? உங்களைவிட டென்ஷன் பார்ட்டி ஒருத்தர் கடல்ல இருக்கார் பாஸ்!

காசிமேடு துறைமுகத்துப் படகுகளின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்குமே, கொட்டலசு... அதன் குட்டிதான் அது. ஆரம்பத்தில் நீந்தித் தின்று ஜாலி லைஃப். கடைசிப் பருவத்தில் சாப்பாடு கட்! சேர்த்துவைத்த கொழுப்பு தீர்வதற்குள் இடம் பிடிக்கணும்.

தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகளால் பாறைமேல் நடந்து பார்க்கும். பாக்டீரியா படலம் எப்படி, பெரிய கொட்டலசுகளின் புரதத் தடயம் இருக்கா என்று செக் பண்ணும். சீனியர் பிழைத்த இடத்தில் ஜூனியரும் பிழைக்கலாம். பக்கத்திலேயே ஜோடியும் கிடைக்கும். பிடிக்கலைன்னா அடுத்த இடம். ஓ.கே-ன்னா தலைகீழாக நின்று பசை போட்டு ஒட்டிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் நகர முடியாது!

இதனால் நமக்கென்ன? கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் வரும் சுரங்கத்திலும் கொட்டலசுகளும் பச்சைச் சிப்பிகளும் குடியேறின. அடைத்துக்கொண்டால் இயந்திரங்களைக் குளிர்விக்கும் தண்ணீர் குறையும். அதனால் குளோரின் கலந்து தடுக்கிறார்கள்.

அடுத்த தடவை ஹவுஸ் ஓனர் 'பேச்சிலருக்குக் கிடையாது'ன்னு கதவைச் சாத்தினால் ஃபீல் பண்ணாதீங்க. உங்களுக்கு அடுத்த தெரு இருக்கு. கொட்டலசுக்கு ஒரே சான்ஸ்!